கட்டைக்கு அளவான பெட்டி

போன வாரம் நான் முன்பு வேலை பார்த்த கடையிலிருந்து போன் வந்தது. இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது பழைய முதலாளி தில்லைநாதன் ஐயாவின் மருமகள். ஸ்னூக்கர், பூல் விளையாடுகிறவர்கள் பந்தை இடிக்கும் கியூ என்கிற கோலை வைத்து எடுத்துப்போகிற பெட்டிகளை ஒரு காலத்தில் கடைக்குப் பின்னாலேயே நாங்கள் தைத்தோம். இப்போது வெளியிலிருந்து வரவழைத்து, கணினியில் படம் போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் அளவு மாறி எடுத்துவிட்டுத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்களாம்.

"ஆன்டி, எந்த கியூவுக்கு எந்த சைஸ் பெட்டின்னு நாலு வரி எழுதிக் குடுங்களேன். படத்துக்குக் கீழ போட்டுடறேன். அப்புறம் உங்க பழைய பெட்டியில எல்லாம் முதுகுப் பக்கம் ஒரு குட்டிப் பை இருக்கே, அது எதுக்குன்னும் எழுதுங்க. கஸ்டமர் கேக்குறாங்க" என்றாள்.

நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். எழுந்தேன். அடுப்பைத் துடைத்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை, கால் நிற்கவில்லை. அளவைப் பற்றி எழுதிவிடலாம். அந்தக் குட்டிப் பையை நாலு வரிக்குள் வைக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதனால் அவள் கேட்ட நாலு வரியை அவளுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பிறந்தது மலாய் நாட்டில், கேரி தீவில், எஸ்டேட் வீட்டில். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. சுங்கை வே பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் காலர் மட்டும் தைத்துக்கொண்டிருந்தேன். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் எனக்குக் காட்டவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் இந்தக் கடையில் தையல்காரி வேண்டும் என்று சித்தி சொன்னாள். வந்தேன். அவ்வளவுதான் நான் வேலை கற்ற கதை.

கியூவை நாங்கள் கட்டை என்போம். அதனால் வந்த வம்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா என்ன வேலை என்று கேட்டார். கட்டைக்கு அளவெடுத்துப் பெட்டி செய்கிற கடை என்றேன். அம்மா அதை அப்படியே லயத்து வீடுகளில் சொல்லிவிட்டார். சாயந்திரத்துக்குள் நான் பிரிக்ஃபீல்ட்ஸில் சவப்பெட்டிக் கடையில் வேலை பார்ப்பதாக எஸ்டேட் முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டு ஆயா என் கையால் பலகாரம் வாங்கவில்லை. "ராத்திரியில பயமா இருக்காதா பிள்ள?" என்று கேட்டவர்களும் உண்டு. கட்டைக்கும் பெட்டிக்கும் நம் ஊரில் வேறு அர்த்தம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குச் சிரித்தேன். பின்னால் சிரிப்பு வரவில்லை.

தில்லைநாதன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் பண்டகசாலையில் இருந்து ஓய்வு பெற்றபின் கடை போட்டவர். வெள்ளைச் சட்டை, பையில் மடித்த அளவு நாடா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர் வந்து இத்தனை அங்குலப் பெட்டி வேண்டும் என்றால் தலையை ஆட்டுவார். ஆனால் எடுத்துக் கொடுக்க மாட்டார். என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்வார்: "பிள்ளை, அளவைக் கேளாதையும். கட்டையைக் கொண்டு வரச் சொல்லும்."

கட்டை வந்ததும் அதைக் கழற்றுவார். முழுக் கட்டையும் ஐம்பத்தெட்டு அங்குலம் சுமார் இருக்கும். பூல் கட்டை பெரும்பாலும் நடுவில் கழலும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஸ்னூக்கர் கட்டையில் முக்காலில் கழலுவது உண்டு. ஒரு துண்டு நீளம், ஒரு துண்டு குட்டை. கழலாத ஒற்றைக் கட்டையும் உண்டு. அதற்கான பெட்டியை மினி பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முகம் கோணும். முழு நீளத்தைப் பாதியாக்கினால் பெட்டியின் அளவு வந்துவிடும் என்று நினைத்துக் கேட்பவர்கள்தான் அதிகம். முக்கால் கட்டைக்கு அந்தக் கணக்கு உதவாது. எப்போதும் நீளத் துண்டைத்தான் அளக்க வேண்டும். அதிலும் பாதிக் கட்டையில், அடித்துண்டின் தலையில் திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும். அதை எல்லாரும் மறப்பார்கள். கீழே ரப்பர் குமிழ். அதையும் மறப்பார்கள். இரண்டையும் சேர்த்து அளந்து, மேலே ஒரு கட்டைவிரல் நகம் அகலம் விட வேண்டும். அதற்குமேல் விடக்கூடாது.

பிறகு துண்டுகளை வெல்வெட் தடத்தில் இறக்குவார். நுனித்துண்டு டிப் கீழே பார்க்க இறங்கும். டிப் என்பது நுனியில் ஒட்டியிருக்கிற சின்னத் தோல்வட்டம். பந்தைத் தொடுவது அதுதான், அது கெட்டால் ஆட்டம் கெட்டது. ஜிப்பை மூடி, பெட்டியைக் காதோரம் வைத்துச் சாய்ப்பார், நிமிர்த்துவார், மறுபடி சாய்ப்பார். உள்ளே டக் என்று ஒரு சத்தம் வந்தாலும் அந்தப் பெட்டி அந்தக் கட்டைக்கு இல்லை. வாடிக்கையாளர் காதிலும் வைத்துக் காட்டுவார். அதற்குப் பிறகும் அவர்கள் பெரிய பெட்டிதான் வேண்டும் என்றால் கொடுத்துவிடுவார். வாதாட மாட்டார். "சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகட்டும்" என்பார்.

அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் யாருடைய தூக்குச்சட்டி ஆடினாலும் கை பரபரக்கும். வீட்டில் அலமாரிக் கதவு காற்றில் தட்டினால் காகிதம் மடித்துச் செருகாமல் உட்கார மாட்டேன். இப்போதும் அப்படித்தான்.

ஒரு முறை கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறவர் ஒருவர் வந்து, கீழே விரிந்த வாயைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, குழலுக்கு ஒரு பெட்டி கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார். ஐயா அலட்டிக்கொள்ளவில்லை. அதே நாடா, அதே கட்டைவிரல் நகம். முக்கால் கட்டைப் பெட்டிக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்ததும் சரியாக உட்கார்ந்தது. காதில் வைத்துச் சாய்த்துப் பார்த்து, "இது வெளியில சத்தம் போடட்டும், உள்ளுக்குப் போடக்கூடாது" என்றார். ஐயா தமாஷ் பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

நான் சொல்ல வந்தது சேகரின் பெட்டியைப் பற்றி. அப்போது தொண்ணூறுகள். மூலைக்கு மூலை பூல் மேசை வந்துவிட்ட நேரம். சேகர் பண்டமாரானில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். துறைமுகத்தில் வேலை. அந்த வட்டாரத்துக் குழுவில் ஆடினான். அவனைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் சீனப் பையன்கள். புதுக் கட்டை வாங்கி, அதற்குப் பெட்டி எடுக்க அம்மாவோடு வந்தான். அஞ்சலை அக்கா. மெலிந்த உடம்பு, கையில் பிளாஸ்டிக் கூடை.

ஐயா அளந்து, மூடி, காதில் வைத்துக் காட்டினார். சத்தம் இல்லை. அஞ்சலை அக்கா அதைத் தொடக்கூட இல்லை. ஒரு சைஸ் பெரிய பையாகக் கொடுங்கள் என்றார். பெட்டி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நான்தான் அப்போது கவனிக்கவில்லை. பள்ளிச் சீருடை எடுக்கிற நினைப்பில் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். நம் தாய்மார்கள் எல்லாரும் அப்படித்தானே, வளருகிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும் என்பார்கள். சேகர்கூடச் சிரித்தான்: "மா, குச்சி வளராதும்மா." அவர் அசையவில்லை. ஐயா பெரியதைக் கொடுத்தார்.

ஒரு மாதம் இருக்கும். சேகர் தனியாக வந்தான். ஆட்டத்தின் நடுவில் டிப் கழன்று விழுந்துவிட்டது. புதிது ஒட்டினான், அதுவும் போய்விட்டது. கடன் வாங்கிய கட்டையில் ஆடித் தோற்றான். கூட்டாளிகள் கேலி செய்தார்கள். ஐயா பெட்டியைச் சாய்த்தார். டக், டக் என்றது. பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு சரியான அளவுப் பெட்டியை மாற்றிக் கொடுத்தார். எனக்கு நிம்மதி. இனிச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. முன்னைவிட மோசம். அடுத்த தடவை அவன் வந்தபோது அம்மாவும் கூட வந்தார். டிப் ஊறிப்போய், விரலால் தொட்டாலே நகர்ந்தது. குழுத் தலைவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம்.

"இந்த ஞாயித்துக்கிழமையும் டிப் போச்சுன்னா டீம்ல வேற ஆள் போட்டுடுவேன்றான்க்கா. ஆடப் பயந்துகிட்டு நானே டிப்ப கழட்டிட்டு வரேன்னு பேசறானுங்க" என்றான். எப்போதும் சிரிக்கிற பையன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அஞ்சலை அக்கா முக்காலியில் உட்கார்ந்து கூடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஐயா பெட்டியை மூடிக் காதில் வைத்தார். சாய்த்தார், நிமிர்த்தினார். சத்தமே இல்லை. நாடாவை எடுத்து மறுபடியும் அளந்தார். அளவு சரி.

"பெட்டியில பிழை இல்லைத் தம்பி" என்றார். "பசையில இருக்கலாம். உமது கையில இருக்கலாம்."

சேகர் முகம் இறுகியது. நான் தள்ளி நின்று ஐயாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியபோது கடைசி இரண்டு அங்குலத்தில் ஜிப் தயங்கியது. நான் தைத்த ஜிப். அந்த அளவுக் கட்டைக்கு அது தயங்காது.   பெட்டியை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். கட்டையை வெளியே எடுத்துவிட்டு, அடித்தையலைப் பிரித்தேன்.

நுனித்துண்டின் தடத்துக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சின்ன எலுமிச்சம்பழம். நசுங்கி, வெல்வெட் எல்லாம் சாறு. டிப் அதன்மேல் அழுந்திக்கொண்டு இருந்திருக்கிறது. நெருக்கத்தில் பழம் அசையவில்லை, அதனால் சத்தமும் வரவில்லை. இடைவெளியைப் பழம் அடைத்துக்கொண்டது. பழைய பெரிய பெட்டியில் டக் டக் என்றது கட்டை மட்டும் இல்லை, உள்ளே உருண்ட பழமும்தான் என்று அப்போது புரிந்தது.

நிமிர்ந்தேன். திரை ஓரத்தில் அஞ்சலை அக்கா நின்றார். எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியாது. கண்ணால் கெஞ்சினார். கடையின் முன்னால் அவர் மகன் நிற்கிறான். நான் பழத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

பெட்டியைப் பிரித்துத் தைக்க வேண்டும், நாளைக்கு வந்தால் கொடுக்கிறேன் என்று ஐயாவிடம் சொல்லி அனுப்பினேன். கட்டையை மட்டும் சேகர் எடுத்துக்கொண்டு போனான். அவர்கள் போனதும் பழத்தை ஐயாவிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"உந்தப் பழத்தை எறிஞ்சு போடாதையும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் சேகருக்கு வேலை. அஞ்சலை அக்கா தனியாகப் பஸ் ஏறி வந்தார். நான் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டேன். உட்காரவில்லை.

"அவன்கிட்ட சொல்லிட்டியா தங்கச்சி?"

"இல்லக்கா."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு அவராகவே பேசினார். வெள்ளிக்கிழமை கோயிலில் வாங்குகிற பழம். அவன் குளிக்கப் போகிற நேரத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை உள்ளே இறக்கிவிடுவாராம். ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டுமென்று வைத்தீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"அவன் ஜெயிச்சா எனக்கென்ன, தோத்தா எனக்கென்ன? அந்த ரோட்டுல எத்தன கன்டெய்னர் லோரி போவுது, பாத்திருக்கியா? மோட்டார எடுத்துட்டுப் போறவன் வீட்டுக்குத் திரும்பி வரணும். அதுக்குத்தான்."

முதலில் மோட்டாரில் கட்டினாராம். கூட்டாளிகள் சிரிக்கிறார்கள் என்று அவன் பிய்த்து எறிந்துவிட்டான். அதன் பிறகுதான் அவனுக்குத் தெரியாத இடமாகத் தேடியிருக்கிறார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பெரியவரு நாடாவ வச்சு அளந்து, இம்மி குறையாம மூடிக் காட்டுறாரு. அளவெடுத்துப் பெட்டி செய்யறது யாருக்குன்னு நீயே சொல்லு. அத எம்மவன் முதுகுல கட்டிக்கிட்டுப் போறான். அதான் பெருசா கேட்டேன்."

எஸ்டேட்டில் என் கையால் பலகாரம் வாங்காத ஆயா நினைவுக்கு வந்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் அதிகம் இல்லை. நூலைக் கோத்தேன், உருவினேன், மறுபடி கோத்தேன்.

"பழத்துல ஈரம் இருக்குல்லக்கா" என்றேன். "டிப் தோலுதானே. ஆகாது."

 புரிந்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாந்தானா?"

"நீங்க இல்லக்கா. எடம்தான் சரியில்ல."

அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியம். யோசித்துச் சொல்லவில்லை, தையல்காரி வாயில் வருகிற பேச்சு அது. வண்டியில் போகும்போது பெட்டி எங்கே இருக்கும் என்று கேட்டேன். முதுகில் என்றார். அப்படியானால் முதுகுப் பக்கமே ஒரு பை தைத்துவிடுகிறேன், பழம் அவன் முதுகோடு இருக்கும், கட்டையோடு இருக்காது என்றேன். வெளியில் ஒரு பை ஒட்டிவிட்டால் பெட்டியின் அளவும் மாறிப்போய்விடும், அளவெடுத்த பெட்டியாக இருக்காது என்றும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"மாறிடுமா?"

"மாறிடும்க்கா. நீங்க பைன்னே சொல்லுங்க."

அன்றைக்கே தைத்தேன். தோள்வார் தொடங்குகிற இடத்துக்குக் கீழே, வெளியே பார்த்தால் டிப்பில் தேய்க்கிற நீலச் சாக்பீஸ் கட்டியை வைக்கிற பை போல இருக்கும். அதற்குள்ளே இன்னொரு அறை, ஈரம் இறங்காதபடி மழைத்துணியில். ஐயா வந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை?"

"சாக்பீஸ் பை, ஐயா."

"சாக்பீசுக்கு ஏன் உள்ளுக்கு மழைத்துணி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெட்டியைக் காதில் வைத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லது. இனி எல்லாத்துக்கும் போடும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி அலசினேன். ஒட்டின டிப் காய்ந்திருக்குமா, தையல் முதுகில் உறுத்துமா, உறுத்தி அவன் கையை விட்டுப் பார்த்துப் பழத்தை எறிந்துவிட்டால் அந்த அம்மாள் என்ன செய்வார். ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பண்டமாரானில் இருப்பவன் என் வீட்டு வழியாக ஏன் வரப்போகிறான்?

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தான்.

"தோத்துட்டேன்க்கா."

என் கை மிஷின் சக்கரத்தில் அப்படியே நின்றது.

"டிப் ஒண்ணும் ஆகலக்கா. கல்லு மாதிரி நின்னுச்சு. கட்டை மேல பழி போட முடியல, நானேதான் தோத்தேன்" என்று சிரித்தான். "பரவால்லலா, ஒழுங்கா ஆடித்தானே தோத்தே, அடுத்த வாரமும் வந்துடுன்னு சொல்லிட்டான் கேப்டன். அம்மாகிட்ட தோத்துட்டேன்னு சொன்னேன். அதுக்கு அவங்க மீன் வாங்கி வந்து பொரிச்சுக் குடுக்குறாங்க. என்ன அம்மாவோ."

எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

அதன் பிறகு நான் தைத்த பெட்டி எல்லாவற்றிலும் அந்தப் பை இருந்தது. சீனப் பையன்கள் சாக்பீஸ் வைத்தார்கள். மலாய்க்காரர் ஒருவர் சாவி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். உள்ளே மழைத்துணி அறை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நம் தாய்மார்கள் வந்தால் மட்டும் நான் பையைத் திறந்து, இரண்டு விரலை உள்ளே விட்டுக் காட்டுவேன். பேச வேண்டியதே இல்லை. ஒரு சைஸ் பெரிதாகக் கேட்பது அதன்பின் குறைந்துபோனது.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம் சேகர் மறுபடி வந்தான். தலையில் நரை. தோள்வார் அறுந்துவிட்டது, வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லை என்றான். அம்மாவைக் கேட்டேன். போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றான். வீட்டிலேயே, தூக்கத்தில். எனக்கு யாரும் சொல்லவில்லை.

வாரைத் தைக்கப் பெட்டியைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பை புடைத்திருந்தது. பழைய பழம், அவன் பார்க்காமல் விட்டிருப்பான், காய்ந்து கிடக்கும், எடுத்துவிடலாம் என்று விரலை விட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. மஞ்சள் துணி புதிது. உள்ளே பழம் பச்சை மாறாமல் இருந்தது, மணமும் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் அவன் புதுக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. வாரை இரட்டைத் தையலாகப் போட்டேன். பழத்தைத் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பெட்டியை மூடிக் காதில் வைத்துச் சாய்த்தேன். சத்தம் இல்லை.

அவன் அதை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்தான். வேலை அப்படியே கிடக்க நான் வாசலுக்கு வந்து நின்றேன். மற்ற வண்டிகளின் சத்தத்துக்குள் அவன் வண்டியின் சத்தம் கலந்து, பிரித்துக் கேட்க முடியாமல் போகும் வரை நின்றேன்.

மருமகளுக்கு அனுப்பிய நாலு வரியில் மூன்று வரி அளவைப் பற்றியது. நீளத் துண்டை அளக்கவும். திருகாணியையும் ரப்பரையும் சேர்த்துக்கொள்ளவும். மேலே கட்டைவிரல் நகம் அகலம் போதும். நாலாவது வரியில், முதுகுப் பக்கத்துப் பை சாக்பீஸ் வைக்க என்று எழுதினேன். அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு, மழைத்துணி வைத்துத் தைத்ததாக இருக்க வேண்டும் என்று சேர்த்து அனுப்பினேன்.